கன்று இல்லாத பசு

பினாங்கில் தமிழர் யாராவது புதுவீட்டுக்குக் குடிபோனால், பால் காய்ச்சுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குள் ஒரு பசுவும் கன்றும் நுழைய வேண்டும். அந்தப் பசுவையும் கன்றையும் கூட்டிக்கொண்டு போகிற ஆள் நான். வீடு வீடாகவும் கடை கடையாகவும் பால் ஊற்றுவதுதான் தினசரி வேலை. ஆனாலும் என்னைத் தெரிந்தவர்கள் ‘புதுவீட்டு மாட்டுக்காரர்’ என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் கொட்டகை பாயான் பாரு வீடுகளுக்குப் பின்னால், மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. சில மாடுகள் வைத்திருக்கிறோம். அவற்றில் புதுவீட்டுக்குப் போகிற தைரியம் ஒன்றுக்குத்தான் உண்டு. வெளிர் பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. மற்ற மாடுகள் வழவழப்பான டைல்ஸைப் பார்த்ததும் முன்காலை ஊன்றி நின்றுவிடும். இழுத்தால் வழுக்கி விழும். இவள் வாசலில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்து மோந்து பார்ப்பாள். பிறகு நான் விரித்த கோணிச்சாக்கின் மேல் ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே போவாள். புது பெயின்ட் வாசனை, ஹோமப் புகை, கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற கூட்டம், எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை. அவள் வீட்டுக்குள் சாணி போட்டால் லட்சுமி வந்துவிட்டாள் என்று எல்லாரும் கும்பிடுவார்கள். அதே நேரத்தில் வீட்டுக்காரம்மா என் காதருகே வந்து, “அண்ணே, சோபா பக்கம் மட்டும் போக விடாதீங்க லா” என்பார். அடுக்குமாடி வீடு என்றால் லிஃப்டில் ஏற்ற முடியாது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் அவளை நிற்க வைத்துப் பூசை செய்வார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும் கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

நான் கூச்சக்காரன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் என்னைப் பார்த்துப் பேசினால் காது சூடாகிவிடும். இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பசு முன்னால் போகும்போது கயிற்றைப் பிடித்திருக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை.

அவளுடைய தலைச்சன் ஈற்று நன்றாகத்தான் நடந்தது. அந்தக் கன்றோடு ஊரில் பல வீடுகளுக்குள் போய் வந்தாள். இரண்டாவது ஈற்றில் கன்று செத்துப் பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டார். காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், எழுந்திருக்காமல் கிடந்தாள். என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சித் தண்ணீரைக் கையால் குடிக்க வைத்தாள். பசு பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. உள்ளே கருப்பையின் சுவர் புண்ணாகி, தழும்பேறிப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

முதல் கன்று அதற்குள் வளர்ந்து பெரிய கிடாரியாகிவிட்டது. புதுவீட்டுக்காரர்கள் போனில் முதலில் கேட்கிற கேள்வி, “கன்னு இருக்கா?” என்பதுதான். இல்லை என்றால், யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்கள். எங்களை வழக்கமாகக் கூப்பிடுகிற ஐயர் ஒருநாள் ஒரு வழி சொன்னார்.

“வேற மாட்டோட கன்ன பக்கத்துல நிக்க வை. யாருக்குத் தெரியப் போவுது?”

“அது இவகிட்ட வராது சாமி. தாயத் தேடிக் கத்தும்.”

“வாயில கொஞ்சம் வெல்லம் வை. பத்து நிமிஷ வேலைதான.”

பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஐயர் கெட்டவரும் இல்லை. நேரத்துக்குப் பூசையை முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. கன்றைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் வேறொருத்தியின் கன்றைக் கட்டி நிறுத்தி, வெல்லம் கொடுத்து வாயை அடைத்து, அதற்கு எல்லாரும் குங்குமம் வைத்துக் கும்பிடுவதா? நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியின் அண்ணன் இதே பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எனக்கு மச்சான். வாரம் ஒருமுறை பால் வாங்க வருகிற சாக்கில் கொட்டகைக்கு வந்து எங்களுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போவார்.

“மாப்ள, வறட்டு மாட்ட வெச்சு என்ன பண்ணப் போறீங்க? அக்கரைல, ஜுருவுல எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு. லோரியோட வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு.”

“எங்க தூக்கிட்டுப் போவாரு?” என்று என் மனைவி கேட்டாள்.

“எங்கயோ.”

“எங்கன்னு சொல்லு அண்ணே.”

அவர் பால் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று மூன்று பேருக்கும் தெரியும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை, நீட்டி எழுதவும் இஷ்டமில்லை. கல்யாணமான புதிதில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனைகள் எடுத்தோம். மருந்துகள், ஊசிகள், மறுபடியும் பரிசோதனைகள். ஒரு கட்டத்தில் என் மனைவி போதும் என்றாள். நானும் போதும் என்றேன். நிறுத்தியது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது உண்மை. ஆனால் நிறுத்தியதை எங்களை விட மற்றவர்களால்தான் தாங்க முடியவில்லை. வளைகாப்புக்கு அழைப்பார்கள், வளையல் தட்டை வேறொருத்தி கையில் கொடுப்பார்கள். புதுவீட்டுக்கு அழைப்பார்கள், குத்துவிளக்கை ஏற்றும் நேரத்தில் அவளிடம் சமையல்கட்டில் ஏதாவது வேலை சொல்வார்கள். அதனால் அண்ணன் அந்த மாட்டை வறட்டு மாடு என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் கையில் இருக்கிற வாளி கொஞ்சம் சத்தமாகத் தரையில் விழும்.

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் டாக்டர் வந்தார். மாடு வளர்க்கிறவர்களைத் தேடி, ஆராய்ச்சிக்காக வந்த கால்நடை டாக்டர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம் என்றார். தமிழ் கொஞ்சம் யோசித்துத்தான் வந்தது, ஆனால் வந்தது. சினை பிடிக்காமல் இருக்கிற மாடுகளுக்கு ஸ்டெம் செல் கொடுத்துப் பார்க்கிறோம், ஆராய்ச்சி என்பதால் உங்களுக்குச் செலவில்லை, சம்மதமா என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன்.

“அது என்னா செல்லு?” என்று அவள் கேட்டாள்.

“உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வேலை இருக்கு அக்கா. தோலு தோல் வேலைய பாக்கும், எலும்பு எலும்பு வேலைய பாக்கும். கொழுப்புக்குள்ள சில செல் இருக்கு, இன்னும் என்ன வேலைன்னு முடிவாகாதது.”

“எங்க அண்ணன் மவன் மாதிரி.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்படியே வெச்சுக்குங்க. அத எடுத்து லாப்ல வளத்து, நெறய ஆனதும் கர்ப்பப்பைக்குள்ள விடுவோம். அதுவே புது கர்ப்பப்பையா மாறிடாது. அங்க இருக்குற புண்ணு ஆறுறதுக்கு ஒத்தாசை பண்ணும்.”

“யார் கொழுப்புலேர்ந்து எடுப்பீங்க?”

“இவளோட கொழுப்புதான். வால் ஆரம்பிக்கிற எடத்துல, மரத்துப்போற ஊசி போட்டுட்டு.”

“சினை பிடிச்சுருமா?”

“பிடிக்கும்னு என்னால சொல்ல முடியாது அக்கா. சில மாட்டுக்கு நல்லா ஆயிருக்கு. சிலதுக்கு இல்ல. இது தெரிஞ்சுக்கத்தான் நாங்களும் பண்றோம்.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி நாட்களில் யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. கட்டாயம் பிறக்கும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். நான் சம்மதித்தேன்.

டாக்டர் சொன்ன மாதிரியே செய்தார். வாலின் அடியில் முடியை மழித்து, மருந்து தடவி, சின்னதாகக் கீறி, மஞ்சளாகக் கொழுப்பை எடுத்து ஒரு குப்பியில் போட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். என் மனைவி அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். சில வாரம் கழித்துக் குளிர்ப்பெட்டியோடு மறுபடி வந்தார். மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் செல் கலந்த தண்ணீரைச் செலுத்தினார். பார்க்க வெறும் தண்ணீர்தான், கொஞ்சம் கலங்கல். இவ்வளவு பேச்சும் இதற்காகவா என்று நினைத்தேன்.

வெளியே பேச்சு அதைவிடப் பெரிதாக இருந்தது. மச்சான் தன் வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கையாக ஏதோ போட்டிருக்கிறார். தன் தங்கை வீட்டு மாட்டுக்கு ஸ்டெம் செல் வைத்தியம் நடக்கிறது என்று. அது கை மாறி கை மாறி, எங்கள் மாட்டுக்குள் பன்றி செல்லை வைத்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. ஊருக்குள் நான் பால் ஊற்றுகிற வீடுகளில் ஒன்றிரண்டு, கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றன. காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு தேநீர்க்கடைக்குப் பல வருடமாகப் பால் கொடுக்கிறேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், என்னைவிட மூத்தவர். அன்று காலை பால் கேனை இறக்கி வைத்ததும், அவர் அதைத் தொடவில்லை. கல்லாவிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கேட்கக் கூச்சப்படுகிறார் என்று தெரிந்தது. ஒரு கூச்சக்காரனுக்கு இன்னொரு ஆளின் கூச்சம் தெரியாமல் போகாது.

“தம்பி, தப்பா எடுத்துக்காத. போன்ல ஒண்ணு வந்துச்சு. மாட்டுக்கு என்னமோ வெச்சாங்களாமே.”

கடையில் பசியாற உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். காது சூடாகியது. கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படிப் போனால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதோடு, அவளைப் பற்றித்தானே பேசுகிறார்கள். என்னைப் பற்றி என்றால் விட்டிருப்பேன்.

“அவளோட சொந்தக் கொழுப்பு, பாய். வால் கிட்டேர்ந்து எடுத்து, வளத்து, அவளுக்கே குடுத்தாங்க. வேற எந்தப் பிராணியோடதும் கிடையாது. இந்தப் பாலும் அவளோடது இல்ல. ஈத்து இல்லாம அவ பாலு வத்திப்போய் ரொம்ப நாளாச்சு. இது மத்த மாடுங்களோடது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று அவர் கேனைத் தூக்கினார். “இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

மூலையில் இருந்த ஒரு பெருத்த மனிதர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். “தம்பி, கொழுப்பு வேணும்னா அந்த டாக்டர்கிட்ட சொல்லு. இங்க நெறயா இருக்கு, சும்மாவே தர்றேன்.”

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது கோயிலில் அடிக்கடி பார்க்கிற ஒருவர், என் பக்கத்து மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடிக் குவளையைப் பார்த்தபடியே சொன்னார். “மாட்டுக்குப் பண்றத விட்டுட்டு, வீட்டுல பண்ணிக்கிட்டிருக்கலாம்.”

சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. கடைக்காரர் முகம் மாறியது. அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்கு முன் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“நாங்க பண்ணிப் பாத்துட்டோம் அண்ணே. வரல. நிறுத்திட்டோம். வேற ஏதாச்சும் கேக்கணுமா?”

அவர் குவளையை வாய்க்குக் கொண்டுபோனார். நான் காலி கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். “நீங்களா சொன்னீங்க?” என்று கேட்டாள். “நான்தான்” என்றேன். “இன்னொரு தடவ சொல்லிக் காட்டுங்க” என்றாள். சொல்லிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றுத் தட்டை என் முன் வைத்துவிட்டு, எப்போதும் வைக்காத அளவுக்குக் குழம்பை ஊற்றினாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். எங்களுக்கும் தெரிந்தது. ரொம்ப நாளாகச் சரியாகப் பருவத்துக்கு வராதவள், அந்த மாதம் கொட்டகையே அதிரும்படி கத்தினாள். மற்ற மாடுகள் மேல் தாவினாள். கோழை கண்ணாடி மாதிரி சுத்தமாக ஒழுகியது. டாக்டர் வந்து சினை ஊசி போட்டார். பிறகு காத்திருந்தோம். திரும்பப் பருவத்துக்கு வரவேண்டிய நாளில் அவள் கத்தக்கூடாது என்று என் மனைவி காலையிலிருந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கத்தினாள், சினை பிடிக்கவில்லை. அடுத்த தடவையும் ஊசி போட்டோம். அந்தத் தடவை கத்தவில்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கன்றுக்கு என்று கொட்டகை மூலையில் கம்பு நட்டு ஒரு தடுப்புக்கூடக் கட்டினேன். டாக்டர் வந்து கையுறை போட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

“இல்ல அண்ணே. சாரி.”

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினாள். கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார், இன்னொரு வழி இருக்கிறது, இந்தத் தடவை கருமுட்டைப் பை பக்கம் ஊசி மூலம் செல்களைச் செலுத்திப் பார்க்கலாம், கொஞ்சம் வலிக்கும், ஆனால் வாய்ப்பு இருக்கிறது என்று. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை என்ற சொல் எவ்வளவு இனிப்பானது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன்.

“போதும் டாக்டர்,” என்றாள் என் மனைவி.

“யோசிச்சுச் சொல்லுங்க அக்கா, அவசரம் இல்ல.”

“யோசிச்சாச்சு. புண்ணு இருந்துச்சு, ஆத்துனீங்க. அது போதும். இப்ப அவ நல்லா திங்கிறா, நல்லா நடக்குறா. இனி அவ ஒடம்புல கை வெக்க வேணாம்.”

“அப்ப இவள என்ன பண்ணப் போறீங்க?”

“என்ன பண்ணணும்?” என்றாள் என் மனைவி. உண்மையாகவே புரியாத மாதிரிக் கேட்டாள்.

டாக்டருக்கு ஏமாற்றம்தான். மறைக்கவில்லை. ஆனாலும் போகும்போது பசுவின் நெற்றியில் கை வைத்துத் தடவிவிட்டுத்தான் போனார்.

மச்சான் புதுவீடு வாங்கியிருந்தார். எங்கள் கொட்டகையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், புதிதாகக் கட்டிய மாடிவீடு. குடிபோக அவர் எங்கள் பசுவுக்காகத்தான் காத்திருந்தார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சினை பிடித்துக் கன்று போட்டிருந்தால், தங்கை வீட்டு மாடு, அதுவும் விஞ்ஞானத்தில் பிறந்த கன்று என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். பிடிக்கவில்லை என்றதும் ஐயர் சொன்ன அதே வழியைச் சொன்னார்.

“வேற கன்ன கூட நிறுத்திக்கலாம் மாப்ள. இல்லன்னா அக்கரையிலேர்ந்து வேற மாட்ட வரவெக்கிறேன். அதுல ஒண்ணும் வருத்தப்படக் கூடாது.”

“பொய்க் கன்ன நிறுத்த மாட்டேன் மச்சான்,” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார். “குடிபோற அன்னிக்கு நீ காலைலயே வந்துரு. சமையலுக்கு ஆள் வேணும்.”

அவர் போன பிறகு என் மனைவி தொட்டியைக் கழுவினாள். பிறகு, “அன்னிக்கு அவள குளிப்பாட்டுங்க” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “எங்க அண்ணன் வீட்டுக்கு நான் போகணும்ல. அவளும் வர்றா. அவ வரலன்னா நானும் வரல.”

குடிபோகிற நாள் காலை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, கொம்பில் பூச் சுற்றி, கழுத்தில் மணி கட்டினோம். என் மனைவி பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். கயிற்றை அவளே பிடித்தாள். நான் பின்னால் நடந்தேன். தொழிற்சாலை பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் போகிற சாலையில், பட்டுச்சேலையில் ஒரு பெண் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யார் பார்க்காமல் இருப்பார்கள்? நூறு கண் பார்த்தது. முதன்முறையாக எனக்குத் தலையைக் குனியத் தோன்றவில்லை.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அக்கரையிலிருந்து வந்த மாடும் கன்றும் ஏற்கனவே உள்ளே போய் வந்து, லோரி பக்கத்தில் நின்றன. மச்சான் பட்டு வேட்டியோடு கேட்டுக்கு ஓடி வந்தார்.

“என்னம்மா இது? எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். தங்கச்சி வந்திருக்கேன். வான்னு சொல்லு.”

“நீ வா. மாட்ட அந்தப் பக்கம் கட்டச் சொல்லு.”

“எதுக்கு?”

“கன்னு இல்லாத மாட்ட உள்ள விடக் கூடாதும்மா. ஐயர் இருக்காரு. நல்ல நாள்ல ஏன் இப்படிப் பண்ற?”

“கன்னு இல்லாதவங்க உள்ள வரக் கூடாதுன்னா, நானும் வரக் கூடாதுதான?”

கூட்டத்தில் யாரோ, “அது வேற இது வேற லா” என்றார்கள். எப்படி வேறு என்று சொல்ல யாரும் முன்வரவில்லை. உள்ளே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் என்னைப் பார்த்தார். “மாப்ள, நீங்களாவது சொல்லுங்க.”

“அவ சரியாத்தான் சொல்றா மச்சான்,” என்றேன்.

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா வேறு எதுவா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி இடுப்பிலிருந்து வெற்றிலைபாக்குப் பொட்டலத்தை எடுத்து, கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அவர் கையில் வைத்தாள். “நல்லா இரு அண்ணே” என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு கயிற்றைத் திருப்பினாள். நாங்கள் வந்த வழியே நடந்தோம். பாதி வழியில் செருப்பு கடிக்கிறது என்று கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பசு சாலையோரப் புல்லைக் கடித்துக் கடித்து வந்தது.

அடுத்த வாரம் மாட்டுத் தரகர் லோரியோடு வந்தார். ஜுருவிலிருந்து பாலத்தைத் தாண்டி வந்திருந்தார். மச்சான் எப்போதோ சொல்லி வைத்ததை, வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாரா, மறக்கவில்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை. மனைவி பால் ஊற்றப் போயிருந்தாள். கொட்டகையில் நான் மட்டும்தான். தரகர் இறங்கி, பலகையைத் தள்ளி லோரியின் பின்பக்கத்தைத் திறந்தார்.

“நெத்தியில வெள்ளை. அதான?”

“அதான். ஆனா தரல.”

“உங்க மச்சான் பேசி முடிச்சாச்சுன்னு சொன்னாரே.”

“அது மச்சான் மாடு இல்ல.”

அவர் என்னைத் தாண்டிக் கொட்டகைக்குள் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். நான் பெரிய ஆள் இல்லை, அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். தள்ளவில்லை. சிரித்தார்.

“அண்ணே, எனக்குப் புரியல. பால் இல்ல, கன்னு இல்ல, ஸ்டெம் செல்லு கில்லு எல்லாம் போட்டும் ஒண்ணும் ஆகல. எதுக்கு வெச்சிருக்கீங்க?”

“இருக்குறதுக்கு.”

“இருக்குறதுக்குன்னா?”

“அவ இருக்கா. திங்கிறதுக்குப் புல்லு இருக்கு. நிக்க எடம் இருக்கு. நாங்களும் இருக்கோம். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான்.”

“எத்தனை நாளைக்கு இப்படி?”

“சாவுற வரைக்கும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பலகையை மேலே தூக்கி மூடினார். ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கி, போனை எடுத்தார்.

“மனசு மாறினா கூப்பிடுங்க. நம்பர் இருக்கா?”

“இல்ல.”

“சொல்றேன், எழுதிக்குங்க.”

“வேணாம்,” என்றேன்.